மருதாயியின் நாலாவது கால்

ஒரு காட்டில், மழை ஏமாற்றிவிட்ட ஒரு கோடையில், தண்ணீர் மிச்சமிருந்த ஒரே குட்டைக்குக் கதவு போட்டார்கள். காட்டுக்குள் எதற்குக் கதவு என்று கேட்காதீர்கள். அன்றைக்கும் நாலு பேர் கேட்டார்கள். "மேலிடத்து உத்தரவு" என்று பதில் வந்தது. மேலிடம் என்றால் சிங்கம். அது குன்றின்மேல் குடியிருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு செந்நாய் வந்து, குட்டைக்கரையில் தண்ணீர் குடிக்கும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. பெற்றவர்கள் அழுதார்கள். சிங்கத்துக்கும் வருத்தம்தான். அந்தக் குட்டிகள் வளர்ந்து ஆளானபிறகு அவற்றைப் பற்றி அதற்கு வேறு யோசனை இருந்தது. "இனிமே ஒரு நாய்க்கால்கூட இந்தக் கரையில படக் கூடாது" என்று கர்ஜித்தது.

சாதாரணக் காடாக இருந்தால் கண் தெரிந்த ஒருவரைக் காவலுக்கு வைத்து, நாய் வந்தால் கத்துப்பா என்று சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது முன்னேறிய காடு. அங்கே பிரசன்னா என்று ஒரு மரங்கொத்தி இருந்தான். வெளிக்காடுகளுக்குப் போய் புரோகிராம் எழுதப் படித்துவிட்டு வந்தவன். அவன் இருக்கும்போது கண்ணை நம்புவார்களா?

யானைகள் மூங்கில் நட்டு வேலி போட்டுக் கொடுத்தன. வேலியில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் ஈரச் சேறு பரப்பிய நீளப் பாதை. வருகிறவர் அந்தச் சேற்றில் நடக்க வேண்டும். ஒரு பெட்டி அந்தத் தடங்களை வரிசையாகப் படிக்கும். பெட்டிக்குள் புரோகிராம், புரோகிராமுக்குள் ஒரே ஒரு வரி. அந்த வரியில் நட்சத்திரமும் கூட்டல் குறியும் கேள்விக்குறியும் விதவிதமான அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன. ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயராம். தடம் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அந்த வரி பெட்டிக்குச் சொல்லும். பொருந்தினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். "சரியான தடம் பதிக்கவும்" என்று பெட்டி சொல்லும். எது சரியான தடம் என்று சொல்லாது. கேட்டால் மறுபடியும் அதையே சொல்லும்.

"இந்த வரிக்கு என்னப்பா அர்த்தம்?" என்று சிங்கம் கேட்டது.

பிரசன்னா தலையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தான். "எழுதும்போது தெரிஞ்சுது ராஜா," என்றான்.

அதுவும் பொய். அவன் எழுதவே இல்லை. மலையடிவாரத்தில் ஒரு மாட்டுத் தொழுவம் உண்டு. அங்கே ஒரு புளியமரத்தில் எவனோ கொத்தி வைத்திருந்த வரியை அப்படியே பார்த்துக் கொத்திக்கொண்டு வந்துவிட்டான். 'குளம்புத் தடம், வரிசையாக நான்கு' என்பதுதான் அதன் சாரம். மாடு உள்ளே வரலாம், நாய் வரக் கூடாது. தொழுவத்துக்கு அது போதும். இங்கே ஒரே ஒரு மானை நடக்கவிட்டுப் பார்த்தான், பச்சை எரிந்தது. வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வரிசையில் முதலில் நின்றது யானை. யானைக்கு ஏது குளம்பு? சிவப்பு எரிந்தது. "சரியான தடம் பதிக்கவும்" என்றது பெட்டி. யானை இன்னும் நன்றாக அழுத்தி வைத்தது. சேறுதான் தெறித்தது.

"நான் நட்ட வேலிப்பா இது" என்றது யானை.

கதவுக்குப் பொறுப்பாளர் தாண்டவம் என்ற கருங்குரங்கு. நல்ல மனுஷன், மன்னிக்கவும், நல்ல குரங்கு. "வேலி நட்டவங்களுக்குன்னு தனியா எதுவும் சொல்லலைங்களே" என்றார் பணிவாக. யானை நினைத்தால் வேலியை ஒரு மிதியில் சாய்த்திருக்கலாம். தான் நட்டதைத் தானே மிதிக்க மனசு வராமல் திரும்பிப் போய் ஆற்று மணலைத் தோண்டியது. முயலும் கரடியும் அதன் பின்னாலேயே போயின. பறவைகளுக்குத் தொந்தரவில்லை, மேலே பறந்து உள்ளே இறங்கின. பிரசன்னாவும் அப்படித்தான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான், அதனால் கதவில் குறையிருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. சிங்கத்துக்கு மட்டும் வேலி ஓரிடத்தில் தாழ்வாக இருந்தது. அது எப்படித் தாழ்ந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

மான்களுக்கு யோகம். மருதாயி என்ற புள்ளிமான் தினமும் குட்டியோடு வருவாள். பெட்டி ஒவ்வொரு குளம்பிலும் இருக்கும் கீறலை வைத்து இது இன்னார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளும். "வருக, மருதாயி" என்று பேர் சொல்லிக் கூப்பிடும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே போனவர் வெளியே வரும்வரை பதிவில் உள்ளேதான் இருப்பார். குட்டிகளுக்கு ஒரு விதி: தாய் உள்ளே இருந்தால்தான் குட்டிக்குக் கதவு திறக்கும். தப்பான தடம் பதித்தவர்களுக்கு ஒரு விதி: தொடர்ந்து மூன்று தடவை தப்பினால் கணக்கு முடக்கப்படும். முடக்குவது என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

கரையில் இரை கிடைக்காத செந்நாய் காட்டுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் புதர் ஓரத்தில் மருதாயியின் வலது முன்னங்காலைக் கவ்விவிட்டது. குட்டி பக்கத்தில் நின்றது. மருதாயி இழுத்த இழுப்பில் அவள் இந்தப் பக்கமும், முழங்காலுக்குக் கீழே இருந்த கால் நாயின் வாயிலுமாகப் பிரிந்துவிட்டன. குட்டியைத் தள்ளிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்து தப்பித்தாள். வலித்தது. சொல்லி மாளாத வலி. புண் ஆறும்வரை புதரிலேயே கிடந்தாள், இலையில் இருந்த ஈரத்தை நக்கினாள். கடைசியில் பால் வற்றியது. குட்டி வெறும் மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. காலை இழந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டவளால் அதைத் தாங்க முடியவில்லை.

நொண்டிக்கொண்டே கதவுக்கு வந்தாள். சேற்றில் மூன்று குளம்பு பதிந்தது. சிவப்பு எரிந்தது.

"அண்ணே, என்னைத் தெரியலையா? மருதாயிண்ணே."

"எனக்குத் தெரியுதும்மா. பெட்டிக்குத் தெரியணுமில்ல?" என்றார் தாண்டவம்.

"கால் போச்சுண்ணே. அந்தச் செந்நாய் பிடிச்சிருச்சு."

"அடப் பாவமே!" தாண்டவத்துக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை வெச்சுப் பாருங்கம்மா. நாலு காலும் நல்லா அழுந்தணும்" என்றார்.

"நாலாவதுக்கு நான் எங்கண்ணே போவேன்?"

"அது நீங்கதாம்மா ஏற்பாடு பண்ணிக்கணும்."

இரண்டாவது தடவையும் சிவப்பு. மூன்றாவது தடவை வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "குட்டியை மட்டுமாவது விடுங்கண்ணே, நாக்கு வறண்டு கிடக்கு."

"தாய் உள்ளே இருந்தாத்தாம்மா குட்டி. நீங்க வெளியில நிக்கிறீங்களே."

மருதாயி நேராகப் பிரசன்னா வேலை செய்யும் மரத்தடிக்குப் போனாள். அவன் வேறு எதையோ கொத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, மூணு காலோட வந்தா உன் பெட்டி ஏத்துக்க மாட்டேங்குது."

"மூணு கால் மான் வரும்னு யாரும் என்கிட்ட சொல்லலையேக்கா."

"நான் சொல்றேனே இப்ப."

பிரசன்னா அலகைச் சொறிந்தான். "நாலாவதுக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டா முடிஞ்சுது. இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு ஆயிடும். ஆனா அந்த வரியில எங்கே தொட்டா எங்கே புட்டுக்கும்னு எனக்கே தெரியாதுக்கா."

"நீ எழுதினதுதானேப்பா?"

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. "ஏற்கெனவே அதுல ஒரு ஓட்டை இருக்கு. இதோட முடிஞ்சுதுன்னு வரியோட கடைசியில ஒரு குறி போடணும். விட்டுட்டேன். நாலு குளம்பு வரிசையா கிடைச்சதும் பெட்டிக்குத் திருப்தி. அதுக்குப் பின்னாடி எது நடந்து வந்தாலும் கண்டுக்காது. ரெண்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை பார்க்கலாம்."

"திங்கட்கிழமை வரைக்கும் என் குட்டி இருக்காதுப்பா. இன்னைக்கே பாரேன்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைக்கா. ஓடிட்டிருக்கிற புரோகிராமில வெள்ளிக்கிழமை எவனாவது கை வைப்பானா? புட்டுக்கிட்டா சனி, ஞாயிறு லீவுல யார் வந்து பார்க்கிறது?"

அவன் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஒரு கேள்விக்குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. மருதாயிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தாண்டவத்தின் காலிலாவது விழலாம் என்று குட்டியைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள்.

அவள் அங்கே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே செந்நாய் கதவுக்கு வந்துவிட்டிருந்தது. கடித்து விளையாட வைத்திருந்த மருதாயியின் கால் அதன் வாயில் இருந்தது. ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை சிவப்பு வாங்கிய நாய்தான். இன்றைக்கு வாய் வலிக்கிறதே என்று காலைச் சேற்றில் போட்டது. குளம்பு பதிந்தது. பெட்டி ஒரு தடவை கண் சிமிட்டியது. நாய் ஒன்றும் முட்டாள் இல்லை. சேற்றை மிதிக்காமல் ஓரத்தில் நின்றபடியே காலை எடுத்துக் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை அழுத்தியது, அப்புறம் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. நான்கு தடம் நான்கு வேறு கால்களாக இருக்க வேண்டும் என்று எந்த வரியிலும் சொல்லியிருக்கவில்லை. பச்சை எரிந்தது.

"வருக, மருதாயி" என்றது பெட்டி.

தாண்டவத்துக்குக் கண் நன்றாகத் தெரியும். ஆனால் விளக்கைப் பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. பச்சையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கால் சரியாயிடுச்சாம்மா? ரொம்ப சந்தோஷம்" என்றார் விளக்கைப் பார்த்தபடியே. வாயில் கால் இருந்ததால் நாய் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டது.

மருதாயி திரும்பி வந்து நின்றதும் தாண்டவம் குழம்பிப்போனார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார்.

"நீங்க உள்ளே இருக்கீங்களேம்மா."

"நான் இங்கே உங்க முன்னாடி நிக்கிறேன்."

"பதிவுல உள்ளே இருக்கீங்க. இப்பதான் போனீங்க. நான்கூட விசாரிச்சேனே."

"நான் உள்ளே இருக்கேன்னா, இங்கே நிக்கிறது யாருண்ணே?"

"அது நம்ம பிரிவுல வராதும்மா."

மூங்கில் இடுக்கு வழியாக மருதாயி எட்டிப் பார்த்தாள். கரையில் செந்நாய் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வாயில் காலை வைத்துக்கொண்டு குடிக்க முடியாதே, பக்கத்தில் தரையில் போட்டிருந்தது. தன் காலை அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே! நாய் உள்ளே இருக்குண்ணே! அங்கே பாருங்க!"

தாண்டவம் அங்கே பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். "இல்லைம்மா. இன்னைக்கு வரைக்கும் ஒரு நாய்கூட உள்ளே போனதில்லை. அதுக்காகத்தான் எனக்குச் சால்வையே போட்டாங்க."

இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் குட்டிக்குத் தண்ணீர் வாசனை வந்துவிட்டது. தாகத்தில் இருக்கும் பிள்ளைக்கு விதி தெரியுமா, விளக்கு தெரியுமா? குடுகுடுவென்று சேற்றில் ஓடியது. நான்கு சின்னக் குளம்புகள் அழகாகப் பதிந்தன.

"தாயார் உள்ளே உள்ளார். குட்டி செல்லலாம்" என்றது பெட்டி. கதவு திறந்தது. குட்டி உள்ளே ஓடிவிட்டது.

"டேய் கண்ணு! போகாதே!" என்று மருதாயி கத்திய கத்தலில் தாண்டவமே கிளையிலிருந்து நழுவினார். அந்த நொடியில் மரங்கொத்தி சொன்னது அவள் ஞாபகத்துக்கு வந்தது. நாலு குளம்புக்குப் பின்னாடி எது வந்தாலும் பெட்டி கண்டுக்காது. குட்டியின் தடத்துக்குப் பின்னாலேயே மூன்று காலில் தாவினாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. பெட்டியைப் பொறுத்தவரை அவள் குட்டியின் வால்.

குட்டி தண்ணீருக்கு ஓடவில்லை. அம்மா வாசனை வந்த இடத்துக்கு ஓடியது. தரையில் கிடந்த காலை முகர்ந்து பார்த்துவிட்டு அதை நக்கிக்கொண்டு நின்றது. நாய் தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையைத் தூக்கியது. அதற்குள் மருதாயி நடுவில் வந்து விழுந்தாள். குட்டியைப் பின்னால் தள்ளினாள், தன் காலைத் தானே வாயில் கவ்வினாள். யோசித்துச் செய்த காரியமில்லை. அந்த நாயின் வாயில் அது இன்னொரு தடவை போகக் கூடாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தாள்.

"இங்கே என்ன சத்தம்?"

சிங்கம். தாழ்ந்த வேலியைத் தாண்டி, சாயங்காலத் தண்ணீருக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் அன்று அதற்கு விரதம். பசியில் முகம் கடுகடுவென்று இருந்தது.

"தாண்டவம்! உள்ளே யார் யார் இருக்காங்க?"

தாண்டவம் வேலிமேல் ஏறி ஒப்பித்தார். "மருதாயி ஒண்ணு, மருதாயி குட்டி ஒண்ணு. வேற யாரும் இல்லை ராஜா."

சிங்கம் பார்த்தது. எதிரே மூன்று பேர் இருந்தார்கள். "ஒண்ணு அதிகமா இருக்கே" என்றது. "நான் விரதத்தில இருக்கேன். பதிவுல இருக்கிறவங்க மேல என் நகம் படாது. அதிகமா இருக்கிறது யாரு?"

"நான்தான் ராஜா மருதாயி" என்றது செந்நாய் உடனே. "பெட்டியே என்னைப் பேர் சொல்லித்தான் உள்ளே கூப்பிட்டுச்சு. வேணும்னா தாண்டவத்தைக் கேளுங்க."

"கூப்பிட்டுச்சு ராஜா" என்றார் தாண்டவம்.

சிங்கத்துக்கு மானும் நாயும் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஆனால் பதிவு என்று ஒன்று இருக்கும்போது, ராஜாவே கண்ணால் பார்த்து முடிவு செய்தால் நன்றாகவா இருக்கும்? அது மருதாயியைப் பார்த்துத் திரும்பியது. தான் போனால் குட்டிக்கு யார் என்ற ஒன்றே அவள் மண்டைக்குள் ஓடியது.

"இவங்கதான் எங்க அம்மா!" என்று குட்டி கத்தியது.

"குட்டி சொல்றதைப் பெட்டி எடுத்துக்காதுடா செல்லம்" என்றார் தாண்டவம் வருத்தத்தோடு.

"சரி, பெட்டியையே கொண்டு வா. ரெண்டு பேரும் கரைச் சேத்தில தடம் பதிங்க" என்றது சிங்கம்.

மருதாயி முதலில் போனாள். ஒரு தடம், இரண்டு, மூன்று. பிறகு தலையைக் குனிந்து, வாயில் இருந்த காலை நாலாவது இடத்தில் அழுத்தினாள். தன் காலைத் தானே ஊன்றிப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. விளக்கு பச்சையானது.

"மருதாயி" என்றது பெட்டி.

நாய் போனது. நான்கு பாதம் பதித்தது. சிவப்பு. "சரியான தடம் பதிக்கவும்." இன்னும் அழுத்திப் பதித்தது. சிவப்பு. அவசரமில்லை, இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்று தாண்டவம் தைரியம் சொன்னார். நாய் விரல் நுனியில் நின்று, குளம்பு மாதிரி தெரியும்படி ஒய்யாரமாக நடந்தது. சிவப்பு.

"கணக்கு முடக்கப்படுகிறது" என்றது பெட்டி.

முடக்குவது எப்படி என்று பெட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிங்கத்துக்குத் தெரியும். அது எழுந்து போய் முடக்கியது. குட்டி பார்க்காதபடி மருதாயி மறைத்து நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சங்கடத்தோடு கேட்டது: "தாண்டவம், என் விரதம்?"

தாண்டவம் பெட்டியைப் பார்த்தார். "உள்ளே நாய்னு எதுவுமே வரலையே ராஜா. அதனால நீங்க ஒண்ணும் சாப்பிடலை." சிங்கம் நிம்மதியாக விரதத்தைத் தொடர்ந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்தது. மருதாயி அது குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம்தான் தான் குடித்தாள்.

ஒரு நாய்கூட உள்ளே வராத வேலி என்று பிரசன்னாவுக்கும் சால்வை போட்டார்கள். சொன்னபடி திங்கட்கிழமை அவன் கடைசிக் குறியைப் போட்டுவிட்டான். குட்டியின் வாலாக இனி யாரும் நுழைய முடியாது. மருதாயிக்கான கேள்விக்குறியைப் போடவில்லை. "அதான் அக்காகிட்ட நாலு கால் இருக்கே" என்றான்.

ஆமாம், இருந்தது. தினமும் வாயில் கவ்விக்கொண்டு வருவாள், நாலாவது இடத்தில் குனிந்து அழுத்துவாள். "இப்பதான் ஒழுங்கா வர்றீங்கம்மா" என்பார் தாண்டவம். மூன்றாம் நாள் யானை வந்து அவள் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றது. ஆற்று மணலிலும் ஊற்று வற்றிவிட்டது.

"அக்கா, வேலை முடிஞ்சதும் அந்தக் காலைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

மருதாயி கொடுத்தாள். யானை ஓரமாக நின்று அதைத் துதிக்கையில் பிடித்து, சேறு தெறிக்காமல் நாசூக்காக நான்கு தடவை அழுத்தியது. பச்சை எரிந்தது. "வருக, மருதாயி" என்றது பெட்டி. "வாங்கம்மா" என்றார் தாண்டவம், விளக்கைப் பார்த்தபடி. யானைக்குப் பின்னால் கரடி நின்றது, கரடிக்குப் பின்னால் முயல் நின்றது. ஒருவர் குடித்து வெளியே வந்ததும் அடுத்தவர் கையில் காலைக் கொடுப்பார். மருதாயியின் உடம்பில் இருந்த காலத்தில் அந்தக் கால் இவ்வளவு நடந்ததே இல்லை.

கோடை முடியும்வரை அந்தக் காட்டில் தாகத்தில் யாரும் சாகவில்லை. மற்ற மான்களையும் குட்டிகளையும் கழித்தால், தண்ணீர் குடித்தது மருதாயி ஒருத்திதான் என்று பதிவில் இருக்கிறது.

இந்தக் காடு கற்றுக்கொண்ட நீதி: கால் என்பது காட்டுவதற்கு. நடப்பதை மூன்றை வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.